குசினியில் ஒரு ஸ்பீக்கர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் லண்டனிலும் கனடாவிலும் பலர், "ஓ, அந்த வருத்தக்கார மனுசியோ?" என்று கேட்பார்கள். அந்தப் பெயர் பட்ட பாடு போதும். சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் போகும் அந்த ஒழுங்கையில் சிறிசிலிருந்து பெரிசு வரை எல்லாருக்கும் அவர் அன்ரி. நானும் அன்ரி என்றே சொல்கிறேன்.

அப்போது நான் அளவெட்டியிலிருந்து தினமும் வந்து, சந்தையடியில் இருந்த ஒரு கணினிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பழுது பார்ப்பதும், வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பொருத்திப் பூட்டிக் கொடுப்பதும் என் வேலை. ஸ்கூட்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினால், வீட்டுக்காரர் பெரும்பாலும் என் முதுகுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள், வேலை தெரிந்த ஆண்பிள்ளை யாராவது பின்னால் வருகிறானா என்று. அன்ரி அப்படிப் பார்க்கவில்லை. "வா பிள்ளை, முதல் ரீயைக் குடி. பேந்து வயர் இழுப்பம்" என்றார்.

கணினியை வாங்கிக் கொடுத்தது கனடாவில் இருந்த தம்பி. லண்டனிலிருந்து ஒரு தமிழ் வைத்தியர் ஒவ்வொரு சனிக்கிழமையும் இணையத்தில் நேரலையாக வந்து ஏதாவது ஒரு நோயைப் பற்றிப் பேசுவார். அது இங்கே பின்னேரம் வரும். அதை அக்கா பார்க்கவேண்டும் என்பது தம்பியின் ஆசை. நிகழ்ச்சியின் பக்கத்தில், பார்ப்பதற்கு என்னென்ன தேவை என்று போட்டிருந்தார்கள். விட்டுவிட்டு அறுந்துபோகாத இணைய இணைப்பு, புதிதாக்கிய உலாவி, கொஞ்சம் பெரிய திரை, ஒரு ஸ்பீக்கர், கேள்வி கேட்க விரும்பினால் தமிழில் தட்டக்கூடிய வசதி. எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தேன். கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்க ஒரு யூ.பி.எஸ்ஸும் கைவசம் இருந்தது. ஆனால் அன்ரியின் தேவை அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்றாக இருந்தது.

"ஸ்பீக்கரை எங்கை வைக்க அன்ரி? திரைக்குப் பக்கத்திலையோ?"

"இல்லைப் பிள்ளை. அதைக் குசினிக்கை வை."

"படம் முன்னறையிலை, சத்தம் குசினியிலையோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் என்னெண்டு கேக்கிறது?"

"எனக்குக் காதிலை கொழுவுறது ஒண்டு தா. ரெண்டும் ஒரே நேரத்திலை வேலை செய்யவேணும். ஏலுமோ?"

ஏலும். சத்தத்தை இரண்டாகப் பிரிக்கிற வயர் ஒன்று இருக்கிறது. ஒரு கிளையை ஹெட்போனுக்குக் கொடுத்து, மற்றதை நீட்டி, கதவு நிலைக்கு மேலால் ஆணியடித்து, குசினியில் பருப்பு டின்களுக்கு நடுவே ஸ்பீக்கரை இருத்தினேன். வேலை செய்துகொண்டே யோசித்தேன். இந்த மனுசிக்குச் சமைத்துக்கொண்டே கேட்க ஆசையாக்கும். அப்படியென்றால் ஹெட்போன் ஏன்? திரையையும் அவர் நான் வைத்தபடி விடவில்லை. வாசல் படலையால் பார்த்தால் திரையும் அதன் முன்னால் அவர் இருக்கும் கதிரையும் தெரியவேண்டும் என்று மேசையை இரண்டு தரம் நகர்த்த வைத்தார். மற்ற வீடுகளில் வீதியால் போகிறவர்களுக்குத் தெரியாமல் வைக்கச் சொல்வார்கள். இவர் தெரியும்படி வைக்கச் சொல்கிறார். என் மண்டைக்குள் புழு குடையத் தொடங்கியது.

"உங்களுக்குத் தமிழிலை ரைப் பண்ண வருமோ?" என்று கேட்டேன்.

"வராது. நீ சனிக்கிழமை வாவன்."

கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். எனக்கு மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. அது என் பிறவிக் குணம்.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பாக, பின்வளவுப் பக்கமாக ஒரு பெண் கறிவேப்பிலை கேட்டு வந்தார். பிறகு இன்னொருவர் இரவல் வாங்கிய சுளகைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு அண்ணை, கிணற்று மோட்டர் சத்தம் போடுகிறதாமே, பார்ப்போம் என்று வந்தார். மோட்டர் ஒரு சத்தமும் போடவில்லை. கறிவேப்பிலை பறித்தாயிற்று, சுளகு கொடுத்தாயிற்று. ஒருவரும் திரும்பிப் போகவில்லை. குசினி வாசலில் செருப்புகள் குவிந்தன. முன்னறையில் அன்ரி மட்டும் ஹெட்போனைக் கொழுவிக்கொண்டு, ஒழுங்கையால் போகிற எவருக்கும் தெரியும்படி, தன்னந்தனியாகத் திரையின் முன் இருந்தார். பக்கத்தில் நான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த வயர் எதற்கென்று.

வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தவேண்டும். எங்கள் பக்கத்தில் வருத்தம், அதாவது நோய், வந்த ஆளின் உடம்போடு நிற்பதில்லை. அது கல்யாணப் பேச்சுக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கும். "அவையின்ரை தாய்க்கு ஏதோ வலிப்பாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், மாப்பிள்ளை வீட்டார் சாதகம் பொருந்தவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். போதாக்குறைக்கு, அந்த நிகழ்ச்சியை உலகம் முழுக்க எங்கள் சனம்தான் பார்த்தது. சம்பந்தம் பேசப்படுகிற இடமே லண்டனும் ரொறன்ரோவும்தானே. அதிலே இரண்டு விதிகள் வேறு. பெயரும் ஊரும் இல்லாமல் வருகிற கேள்வியை எடுக்கமாட்டார்கள். ஒரு கிழமைக்கு ஒராளுக்கு ஒரு கேள்விதான். தொகுப்பாளர் பெண், பெயரையும் ஊரையும் வாசித்துவிட்டு, கேள்வியைத் தேன் குழைத்த குரலில் உலகத்துக்கே கேட்கும்படி வாசிப்பார்.

"என்ரை பேரிலை போடு" என்றார் அன்ரி. "எனக்கென்ன பிள்ளை? இனி என்னை ஆர் பேசி வரப்போகினம்?"

அவர் கல்யாணம் செய்யவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அறுபதை எட்டிப்பிடிக்கிற வயது. அப்படித்தான் அந்த ஒழுங்கையின் வருத்தமெல்லாம், கிழமைக்கு ஒன்றாக, அவருடைய பெயரில் லண்டனுக்குப் போகத் தொடங்கியது. அவற்றைத் தட்டி அனுப்பியவை என் விரல்கள்.

முதல் கேள்வியே சோதனையாகப் போய்விட்டது. வெங்காயத் தோட்ட அண்ணைக்கு, ஆண்களுக்கு வயது போனால் வருகிற சிக்கல். அவர் குசினியில் நின்று அன்ரியின் காதில் சொன்னதை, அன்ரி வந்து என் காதில் சொல்ல, நான் சொன்னபடியே தட்டிவிட்டேன். தொகுப்பாளர் அன்ரியின் பெயரைச் சொல்லி அதை வாசித்தார். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது... அம்மாவின்ரை வீட்டுக்காரருக்கோ?" என்றார்.

மறுநாள் காலை கனடாவிலிருந்து தம்பி அழைத்தார். அன்ரி போனை ஸ்பீக்கரில் போட்டார்; நான் ரவுட்டரைப் பார்க்க வந்திருந்தேன்.

"அக்கா, நான் குறையாச் சொல்லேல்லை. இந்த வயதிலை உங்களுக்கு ஒரு துணை வேணும் எண்டால் எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனா ஆரெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் எல்லே?"

அன்ரி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ரீ மேசையில் சிந்தி, கீபோர்ட்டைக் கழற்றிக் காயவைக்கவேண்டியதாகிவிட்டது. தம்பிக்கு அவர் உண்மையைச் சொல்லவில்லை. "அதெல்லாம் சும்மா பொது அறிவுக்குக் கேட்டது" என்றார். தம்பி நம்பினாரோ என்னவோ, அதற்குப் பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. மூட்டு நோவைப் பற்றிக் கேட்ட கிழமைக்குப் பின் முழங்காலுக்குப் போடும் உறை வந்தது. சீனி வருத்தத்தைக் கேட்டதும் அதற்கான மா வந்தது. மூச்சிளைப்பைக் கேட்டபோது பாரிஸில் இருந்த ஒன்றுவிட்ட தங்கச்சி ஆவி பிடிக்கிற இயந்திரம் அனுப்பினார். கூடவே அன்ரியின் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனையும் செய்வித்தார். பார்சலைப் பிரித்ததும் அன்ரி பின்வளவுப் படலையைத் திறந்து, எது யாருக்கோ அது அவரிடம் போகப் பார்த்துக்கொள்வார். தெய்வத்தின் அருள் மட்டும் தன்னிடம் தங்கிவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார்.

இது கணினி வந்த பிறகு பிடித்த பழக்கம் இல்லை என்று, முதல் நாள் கறிவேப்பிலை கேட்டு வந்த முன்வீட்டு அக்கா சொன்னார். அதற்கு அவரிடம் ஒரு கதை இருந்தது. கனகாலத்துக்கு முன் ஒருமுறை கோயில் திருவிழாவில் தேர்முட்டிக்குப் பின்னால் பாதி குடித்த சாராயப் போத்தல் ஒன்று அகப்பட்டதாம். கோயில் தலைவர் இளந்தாரிகளை வரிசையாக நிறுத்தி விசாரணை தொடங்கினார். அர்ச்சனைத் தட்டோடு அந்தப் பக்கம் வந்த அன்ரி நின்றார்.

"அது என்ரை. இஞ்சை தாங்கோ. கால் நோவுக்குப் பூசக் கொண்டந்தனான்."

"அப்ப பாதி எங்கை?"

"பூசிப்போட்டன்."

தலைவர் என்ன செய்வார், கொடுத்துவிட்டார். அன்ரி அந்தப் போத்தலைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிவீதியைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாராம். அன்று வரிசையில் நின்றவர்களில் ஒருவர்தான் இப்போது முன்வீட்டு அக்காவின் கணவர். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

எனக்கு அன்ரியை விளங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது. சிலர் நல்லது செய்துவிட்டு, அதை நாம் பார்த்தோமா என்று கடைக்கண்ணால் பார்ப்பார்கள். இவரிடம் அந்தப் பார்வை இல்லை. ஒருநாள் நேரே கேட்டேன்.

"ஊரே உங்களை நோயாளி எண்டு நினைக்குது. உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"பேர் எண்டது தேயுமே பிள்ளை?" என்றார். "சும்மா கிடந்த பேர். ஆருக்கும் உதவட்டும்."

அவரை நான் ரசித்தேன் என்று சொன்னால் குறைவு. சனிக்கிழமைகளில் மற்ற வாடிக்கையாளர் அழைத்தால் பொய் சொல்லித் தட்டிக்கழிக்கும் அளவுக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை எனக்கே ஒரு கேள்வி இருந்தது. அது என்ன என்று இங்கே சொல்லமாட்டேன். அன்ரியிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் ஒன்றும் விசாரிக்காமல், "போடு, போடு" என்றார். என் வருத்தத்தையும் அவர் பெயரில் நானே தட்டினேன். வைத்தியர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அதற்கு அடுத்த கிழமை வைத்தியரே பகிடியாகச் சொன்னார்: "சுன்னாகத்து அம்மா, நீங்கள் கேட்ட வருத்தமெல்லாம் ஒரே ஆளுக்கு வந்தால் மருத்துவப் புத்தகத்திலை உங்கடை படத்தைத்தான் போடவேணும். இதிலை எது உங்கடை?" குசினியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்ரியும் சிரித்தார். நிகழ்ச்சி முடிந்ததும் நான் விடவில்லை.

"உண்மையாச் சொல்லுங்கோ அன்ரி. எது உங்கடை?"

"இதுவரைக்கும் ஒண்டும் இல்லை."

"அப்ப உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"அப்பிடி ஆர் சொன்னது? ஒண்டு கிடக்கு. அதையும் கேப்பம் எண்டுதான் இந்தப் பெட்டிக்கு ஓமெண்டனான்." சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார். "கிழமைக்கு ஒண்டுதானே எடுக்கினம். வாற சனம் வந்துகொண்டே இருக்குது. பேந்து பாப்பம்."

எவ்வளவோ துருவியும் அது என்னவென்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான். நடக்கும்போது பார்ப்பேன், நொண்டுகிறாரா? படிக்கும்போது பார்ப்பேன், கண் மங்கலா? ஒவ்வொரு சனிக்கிழமையும், இந்தமுறை அவருடையதைக் கேட்போமே என்று சொல்வேன். அதற்குள் குசினியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. வெங்காயத் தோட்ட அண்ணையின் கேள்வி ஒரு கிழமை பொறுத்தால் உலகம் இடிந்தா விழும்?

அந்த நேரத்தில்தான் முன்வீட்டு அக்காவின் மகளுக்கு லண்டனில் சம்பந்தம் முற்றாகியது. நாளும் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் இந்த நிகழ்ச்சியை ஒரு கிழமையும் தவறவிடாதவர். இப்படியிருக்க, மகளின் முழங்கைக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அக்கா அன்றிரவே ஓடிவந்து அன்ரியிடம் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அன்ரியின் கையில் வெள்ளைப் புள்ளி ஒன்று வந்துவிட்டதாக நான் தட்டினேன்.

வைத்தியர் அமைதியாகப் பதில் சொன்னார். இது தொற்றாது, பயப்படவேண்டாம், தோல் வைத்தியரிடம் காட்டினால் போதும் என்றார். பிறகு அப்படியே கமராவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, உங்கடை தம்பியும் எங்களுக்கு எழுதியிருக்கிறார். உங்களை நினைச்சுக் கவலைப்படுறார். அடுத்த சனிக்கிழமை ஒரு கமரா பூட்டிக்கொண்டு வாங்கோ. ஒருக்கா உங்களைப் பாப்பம், அந்தக் கையையும் பாப்பம்."

குசினியில் ஏதோ டின் விழுந்து உருண்டது. போய்ப் பார்த்தால் முன்வீட்டு அக்கா நிலத்தில் இருந்தார்.

"வரமாட்டன் எண்டு சொல்லிப்போடுங்கோ" என்றேன்.

"அப்ப ஏன் ஒளிக்கினம் எண்டு கேப்பினம்" என்றார் அண்ணை.

"வந்து நிண்டு கையிலை ஒண்டும் இல்லை எண்டால், பேந்து அது ஆற்றை கை எண்டு கேப்பினம்" என்றார் அக்கா. "மாப்பிள்ளையின்ரை தாய்க்கு எங்கடை வீடு எது, அன்ரியின்ரை வீடு எது எண்டு வடிவாத் தெரியும். அவவுக்கு யோசிக்க ஒரு நிமிசம் காணும்." அழத் தொடங்கிவிட்டார்.

அன்ரி ஒருவருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புள்ளி தானே வேணும்?" என்றார். "வைப்பம்."

சனிக்கிழமை வந்தது. அக்கா வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து வந்தார். அது அளவுக்கு மிஞ்சி வெளுத்தது. கொஞ்சம் அரிசிமா கலந்தார்கள், உதிர்ந்தது. தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசியதில் அன்ரியின் கையில் ஓரளவுக்கு ஒரு புள்ளி உருவானது. "எரியுது. ஆனா வடிவா ஒட்டியிருக்கு" என்றார் அன்ரி, ஏதோ கைக்கு மருதாணி போட்டவர் மாதிரி.

மிச்சம் என் பொறுப்பு. அதுவரை நான் கற்ற வேலையெல்லாம் படம் தெளிவாகத் தெரிவதற்கு. அன்று தெரியாமல் இருப்பதற்குப் பூட்டவேண்டியிருந்தது. கடையில் கிடந்ததிலேயே பழைய கமராவைக் கொண்டுவந்தேன். படத்தின் தரத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்தேன். மேசையைத் திருப்பி, அன்ரியின் முதுகுக்குப் பின்னால் மேற்கு யன்னலை அகலத் திறந்துவிட்டேன். பின்னேர வெயில் அப்படியே கமராவின் கண்ணில் அடித்தது. முகமும் கையும் இருண்டு, ஆளின் ஓரக்கோடு மட்டும் தெரிந்தது. கை முன்னால் வரவேண்டும் என்பதற்காக அவரைப் பக்கவாட்டாக இருத்தினேன். சின்னப் பெட்டியில் தெரிந்த படத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இந்தப் படத்தில் எந்த லண்டன் மாமியார் எதைக் கண்டுபிடிப்பார்?

"வணக்கம் அம்மா" என்றார் வைத்தியர். "முகம் தெரியேல்லை. வெளிச்சம் பின்னாலை நிக்குது போல."

"எங்கடை லைன் அப்பிடித்தான் டொக்டர்" என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன்.

அன்ரி கையை நீட்டினார். வைத்தியர் திரைக்குக் கிட்ட வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சுண்ணாம்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"கையைக் கீழை விடுங்கோ அம்மா. அப்பிடியே இருங்கோ. திரும்பவேண்டாம். தாடையைக் கொஞ்சம் உயர்த்துங்கோ."

அன்ரி உயர்த்தினார்.

"கழுத்திலை ஒரு வீக்கம் இருக்கு. உது எவ்வளவு காலம்?"

நான் திரையைப் பார்த்தேன். வெயிலுக்கு எதிரே கறுப்பாக விழுந்த அந்த ஓரக்கோட்டில், தொண்டைக்குழிக்கு மேலே, ஒரு எலுமிச்சங்காய் அளவில் புடைத்துக்கொண்டு நின்றது. எத்தனை சனிக்கிழமை பக்கத்தில் இருந்திருப்பேன்! எப்போதும் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருப்பார். குளிருகிறதாக்கும் என்று நினைத்திருக்கிறேன், இந்த யாழ்ப்பாணத்து வெயிலில். இன்று கை தெரியவேண்டும் என்று நான்தான் தலைப்பை எடுத்துவிட்டிருந்தேன்.

அன்ரியின் கை தலைப்பைத் தேடியது. "அது கிடக்கட்டும் டொக்டர். இந்தக் கிழமைக் கேள்வி கை. ஒராளுக்கு ஒரு கேள்வி எண்டது நீங்கள் போட்ட சட்டம்தானே?"

"ஓம் அம்மா. ஆனா இது நீங்கள் கேக்கிற கேள்வி இல்லை. நான் கேக்கிறன்."

வைத்தியர் தண்ணீர் குடித்துக் காட்டச் சொன்னார். நான் ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்தேன். ஒரு மிடறு விழுங்கியபோது அந்தப் புடைப்பு மேலே ஏறி இறங்கியது.

"விழுங்கேக்கை கரைச்சலோ?"

"சோறு கொஞ்சம் மெதுவா இறங்கும்."

"எப்ப தொடக்கம்?"

"கனநாள்."

"பயப்படுத்தச் சொல்லேல்லை அம்மா. கனபேருக்கு இது சாதாரண வீக்கமாத்தான் இருக்கும். ஆனா பாக்காமல் சொல்லேலாது. இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போகவேணும். போவன் எண்டு சொல்லுங்கோ."

இதெல்லாம் குசினியில் இருந்த ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதை மறந்துவிட்டேன். அவர்களும் தாங்கள் எதற்காகக் குசினியில் ஒளிந்து நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டார்கள். திடீரென்று எல்லோரும் முன்னறைக்குள் வந்துவிட்டார்கள். முன்வீட்டு அக்கா, சுண்ணாம்பு அப்பிய விரல்களோடு, அன்ரியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்ரை ஆத்தை, உதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று குளறினார். அண்ணை தலையில் கையை வைத்தார். சுளகுக்கார மாமி என் கதிரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கமராவின் லைற் எரிந்துகொண்டே இருந்தது. லண்டனும் கனடாவும் பாரிஸும் அந்த ஒழுங்கை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா, இவ்வளவு பேரும் ஆர்?" என்றார் வைத்தியர்.

அந்த நிலையிலும் அன்ரி விட்டுக்கொடுக்கவில்லை.

"கறிவேப்பிலைக்கு வந்தவை" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். முன்வீட்டு மகள் அன்றே மாப்பிள்ளையோடு கதைத்துப் புள்ளியைப் பற்றித் தானே சொல்லிவிட்டாள். "அதுக்கென்ன?" என்றானாம் அந்தப் பொடியன். நாங்கள் அரைத்த சுண்ணாம்புக்கு அவ்வளவுதான் மதிப்பு. கல்யாணம் வைத்த நாளில் நடந்தது. அன்ரியின் கட்டியை எடுத்தார்கள். கெட்டதில்லை என்று சொன்னார்கள். அடுத்த வருடம் தம்பி வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கல்யாணம் கட்டிக் கொடிகாமம் வந்துவிட்டேன். அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் முதலில் வருவது அந்த முதல் கிளினிக் நாள்தான்.

முன்வீட்டு அக்காவும் நானும் கூடப் போயிருந்தோம். வெளியே நீள வாங்கில் அன்ரி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். அதற்குள் பக்கத்தில் இருந்த கிழவியின் காலைப் பற்றி முழுக்க விசாரித்து முடித்திருந்தார். உள்ளேயிருந்து தாதி வந்து அன்ரியின் பெயரைக் கூப்பிட்டார். அன்ரி அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அன்ரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், எழும்பவேண்டியவர் ஏன் எழும்பவில்லை என்கிற முகத்தோடு.

"அன்ரி, உங்களைத்தான்."

எழும்பினார். வாசல் வரை போனவர் திரும்பினார். "நீயும் வா பிள்ளை. எனக்கெண்டு கேக்க எனக்கு வராது."

உள்ளே ஒரு இளம் வைத்தியர் இருந்தார். "சொல்லுங்கோ அம்மா, என்ன செய்யுது?" என்றார்.

"டொக்டர், வெளியிலை ஒரு ஆச்சி இருக்கிறா. அவவுக்குக் கால்..."

நான் மேசைக்குக் கீழே அன்ரியின் கையைப் பிடித்தேன். அது என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையை விடாமல் நான் சொன்னேன்.

"கழுத்திலை ஒரு கட்டி, டொக்டர். சோறு இறங்குதில்லை. இவவுக்குத்தான்."